நிற்பவர்களைப் பார்த்துச் சிரித்த ஞாயிறு

திருத்தணி ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே இருபது வருடமாக லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர் கஜபதி. வயது நாற்பத்து மூன்று. முதன்முதலாகக் கண்ணாடி போட வரும் பிள்ளைகள் அழுதால் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். அவர் ஒரு பழைய ஃப்ரேமை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, குரலை மாற்றி நாலு வார்த்தை பேசுவார். பிள்ளை சிரித்துவிடும். அது ஒரு கார்ட்டூன் தொடரில் வருகிறவனின் குரல் என்பது கடையில் யாருக்கும் தெரியாது.

தொடரின் பெயர் ‘பிக்கிள் தெரு’. வெளிநாட்டுத் தொடர். பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்கானது போல இருக்கும். பேசுவதெல்லாம் பெரியவர்கள் விஷயம். இருபத்தாறு வருடமாக ஓடுகிறது. ஹேசல் என்று பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு பெண். அவள் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி ஃபெர்கஸ், மெத்தைக் கடை சேல்ஸ்மேன். ஊருக்குள் எது புதிதாக வந்தாலும் முதலில் போய் விழுகிறவன் அவன்தான்.

கேபிளில் அது வர ஆரம்பித்தபோது கஜபதிக்குப் பதினேழு வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் தங்கை சௌமியா, பத்து வயது. இங்கிலீஷ் பாதிதான் புரியும். புரிந்த பாதியை அண்ணன் தமிழில் சொல்வார், தங்கை அதைத் திருத்துவாள். அவர் ஃபெர்கஸ், அவள் ஹேசல். நைனா சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு பேரும் அந்தக் குரலில்தான் பதில் சொல்வார்கள். “இதுங்களுக்கு இன்னாவோ புடிச்சிருக்குது” என்று நைனா சலித்துக்கொள்வார்.

பிறகு சௌமியா கல்யாணமாகி அம்மையார்குப்பம் போனாள். கணவர் தணிகைமணிக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. கஜபதிக்கும் யுவஸ்ரீயோடு கல்யாணம் ஆனது. தொடர் மட்டும் நிற்கவில்லை. கஜபதி டெலிகிராமில் தமிழ் ரசிகர்களுக்கென்று ஒரு குழு தொடங்கி, முதல் ஆளாகத் தங்கையைச் சேர்த்தார். ஊரடங்கு வந்தபோது குழுவில் அறுநூறு பேர் ஆகிவிட்டார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லோரும் குரல் அழைப்பில் கூடி ஒரு கதையை எடுத்துப் பேசுவார்கள். திருவள்ளூரில் நர்சிங் கல்லூரியில் வேலை செய்யும் கவிப்பிரியா, எழுத்தில் வரும் கேள்விகளைப் படித்துச் சொல்வாள். திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் வேணு எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவார். கஜபதி நடுவில் உட்கார்ந்து சிரிக்க வைப்பார். கடையில் அவருக்குக் கிடைக்காத ஒரு மரியாதை அங்கே கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் வாரம் முழுவதும் குறிப்பு எழுதினார்.

இரண்டாவது கொரோனா அலையில், மே மாதம், தணிகைமணி இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். சௌமியாவுக்கும் காய்ச்சல், அவள் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல்தான் எல்லாம் முடிந்தது. பிள்ளை இல்லை. தறிகளைத் தணிகைமணியின் அண்ணன் தம்பிகள் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து கஜபதி போய்த் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டின் முன்னறை அவளுக்கு ஆயிற்று. பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் வேலையும் கிடைத்தது.

கஜபதி தங்கையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அவர் செய்த தப்பு என்னவென்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவள் முகம் வாடியிருந்தால் லேப்டாப்பைத் திறந்து ஒரு பழைய கதையைப் போடுவார். ஃபெர்கஸ் குரலில் பேசுவார். அவளும் சிரிப்பாள். சிரித்தால் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்தார். அந்த ஒன்பது நாள் எப்படிப் போனது என்று ஒரு முறைகூட அவர் கேட்கவில்லை. கேட்டால் அழுவாளே என்ற பயம்.

அடுத்த வருடம் நர்சரி பள்ளியின் ஆயா ஒருத்தி சௌமியாவை ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆந்திர எல்லைக்குள், நகரியைத் தாண்டி ஒரு மாந்தோப்பு. பெயர் மௌனத் தோப்பு. அதை நடத்தியது அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் தோப்பம்மா என்பார்கள். முதலில் சனிக்கிழமை மட்டும் போனாள். பிறகு வாரத்தில் மூன்று நாள் பேசுவதில்லை என்று விரதம் எடுத்தாள். செவ்வாய், வியாழன், சனி. அந்த நாட்களில் ஏதாவது வேண்டுமென்றால் சின்னச் சீட்டில் எழுதிக் காட்டுவாள்.

“இன்னாம்மா, நிற்பவர்கள் சங்கத்துல சேந்துட்டியா?” என்று கஜபதி கேட்டார்.

தொடரின் நான்காவது சீசனில் வரும் கூட்டம் அது. உட்காருகிறவர்களுக்கு உலகம் அழியும், நிற்கிறவர்களுக்கு அழியாது என்று ஒருவன் சொல்வான். தெருவே சோபாவையும் நாற்காலியையும் தூக்கி வெளியே போடும். ஃபெர்கஸ் மெத்தைக் கடையில் நின்றுகொண்டே தூங்குவான். கடைசியில் பார்த்தால் தலைவன் தன் அறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டிருப்பான்.

சௌமியா சிரித்தாள். “அந்த மாதிரி இல்லண்ணா” என்றாள்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் முன்னறையில் தணிகைமணியின் போட்டோ இருந்த இடம் காலியாக இருந்தது. இறந்தவர்களின் படத்தை ஒரு வருடம் பார்க்கக் கூடாது என்று தோப்பில் சொன்னார்களாம். போட்டோவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கஜபதிக்குக் கோபம் வந்தது. வீட்டில் சத்தம் போடவில்லை. அவருடைய கோபமும் கிண்டலாகத்தான் வெளியே வரும்.

அந்த மாதத்தில்தான் குழுவில் பேச ஒரு தலைப்பு முடிவானது. ‘பிக்கிள் தெரு’ இத்தனை வருடத்தில் சாமியார் கூட்டங்களை, மூளையைக் கழுவுகிற கூட்டங்களை எப்படிக் கிண்டல் செய்கிறது? மூன்று கதைகளை எடுத்துக்கொண்டார்கள். நிற்பவர்கள் சங்கம் ஒன்று. வைட்டமின் தண்ணீர் விற்றால் கோடீஸ்வரனாகலாம் என்று சொல்லும் ‘வெற்றிப் படிக்கட்டு’ இன்னொன்று. மூன்றாவது, பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரே தன்னை ஒரு நட்சத்திரத்தின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் பின்னாளைய கதை. அன்று அழைப்பில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். பேச்சு நன்றாகப் போனது.

“மூணு கதையிலயும் தலைவன் திருடன்” என்றார் வேணு. “ஒருத்தனாச்சும் தான் சொல்றத தானே நம்பறானா? இல்ல. அதான் ஈசியா சிரிக்க முடியுது.”

“தலைவன உடுங்க சார்” என்றாள் கவிப்பிரியா. “எனக்கு வேற ஒண்ணு இடிக்குது. ஃபெர்கஸ் ஏன் போனான்னு எந்தக் கதையும் சொல்லல. அவன் முட்டாள், அதனால போனான். அவ்ளோதான். நெசமா போறவங்கல்லாம் முட்டாளுங்களா?”

“காமெடிம்மா இது. அதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்குது” என்றார் கஜபதி.

“இருபத்தி ரெண்டு நிமிஷத்துல சோபா தூக்கிப் போடறதுக்கு ஆறு நிமிஷம் இருக்குதேண்ணா.”

சிலர் அவள் பக்கம் பேசினார்கள். கூட்டம் கொஞ்சம் கனமாகிக்கொண்டு வந்தது. கஜபதிக்கு அது பிடிக்கவில்லை. கவிப்பிரியா எழுத்தில் வந்த ஒரு கேள்வியைப் படித்தாள். அனுப்பியவர் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார் என்றாள்.

“ஃபெர்கசுக்கு அந்த சங்கத்த உட்டுட்டுத் திரும்பி வரணும்னு பாதியிலயே தோணியிருந்தா, அவன் யார்கிட்ட போய் சொல்லியிருப்பான்? அப்டின்னு கேக்கறாங்க.”

கஜபதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஃபெர்கஸ் குரலுக்கு மாறினார். “திரும்பி வர்றதுக்கு மூள வேணுமே. அதத்தான் வாசல்லயே கழட்டி வாங்கிகினாங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவருக்கு வாய் கட்டுக்குள் நிற்கவில்லை.

“நெசமா சொல்றேங்க, எங்க வீட்டுலயே ஒருத்தங்க இருக்காங்க. வாரத்துல மூணு நாளு பேச மாட்டாங்க. மாந்தோப்புல ஆர்டர். நேத்து சாம்பார்ல உப்பு இல்ல. வாயத் தொறந்து சொல்லலாம் இல்ல? சீட்டு எழுதறாங்க. உப்பு. கீழ கையெழுத்து வேற போடுவாங்களோன்னு பாத்துகினு இருந்தேன்.” பிறகு ஃபெர்கஸ் அந்தச் சீட்டை எப்படி எழுதுவான், எழுத்துப்பிழையோடு எப்படி நீட்டுவான் என்று நடித்துக் காட்டினார். வேணு சிரித்துச் சிரித்து இருமினார். யாரோ அந்த இரண்டு நிமிடத்தைத் தனியாக வெட்டிக் குழுவிலேயே போட்டார்கள். ராத்திரிக்குள் அது இருபது முப்பது இடங்களுக்குப் போய்விட்டது.

அவர் பேசியது பின்னறையில். முன்னறையில் சௌமியா இருந்தாள். குழுவில் முதலில் சேர்ந்த ஆள் அவள் என்பதையும், பேசாவிட்டாலும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதையும் கஜபதி மறந்தே போயிருந்தார். ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது அவள் பள்ளிக்குக் கொண்டுபோக வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“டீ வைக்கட்டுமாண்ணா?” என்று கேட்டாள். அன்று அவள் பேசுகிற நாள்தான்.

“வை.”

அவ்வளவுதான் பேசினார்கள். புதன்கிழமை காலையில் ஒரு பையோடு கிளம்பினாள். எப்போதும் போல ஓரிரு நாளில் வருவாள் என்று வீட்டில் நினைத்தார்கள். திங்கட்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தபோதுதான், அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

கஜபதியும் யுவஸ்ரீயும் பஸ் ஏறித் தோப்புக்குப் போனார்கள். வாசலில் ஒருவர் மரியாதையாக உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் சௌமியா வந்தாள். யாரும் அவளைக் கட்டி வைத்திருக்கவில்லை. கைகளில் மாவு இருந்தது. சமையலறையில் இருந்திருக்க வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை, பேச மாட்டாள்.

கஜபதி இணையத்திலிருந்து எடுத்த பதினான்கு பக்கங்களைக் கையில் வைத்திருந்தார். எங்கெங்கோ நடந்த மோசடிகள், எந்தெந்த நாட்டிலோ பிடிபட்ட தலைவர்கள். தோப்பம்மாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். இவர்கள் எல்லோருமே இப்படித்தான் தொடங்குவார்கள் என்றார். போட்டோவை எடுத்தார்கள், பேச்சை எடுத்தார்கள், அடுத்து என்ன எடுப்பார்கள் என்று கேட்டார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யுவஸ்ரீ அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, “சாப்ட்டியா?” என்று அவளைக் கேட்டாள். சௌமியா தலையாட்டினாள். கண் நிறைந்தது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது யுவஸ்ரீ கேட்டாள். “அன்னிக்கு ஞாயித்துக்கெழம அவளப் பத்திப் பேசினீங்களே, அது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவ எங்க கேட்டா?”

“முன்னாடி ரூம்லதான இருந்தா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குக் கேட்டிருக்காது, கதவு சாத்தியிருந்தது என்று திருத்தணி வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

மாதம் ஒருமுறை போனார். சில சமயம் அவள் வந்து பார்த்தாள், சில சமயம் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள் கவிப்பிரியா கண் பரிசோதனைக்குத் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். வேலை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணா, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சௌமியாக்கா தோப்புலயே தங்கிட்டாங்கன்னு வேணு சார் சொன்னாரு. அன்னிக்கு அந்தக் கேள்வி அனுப்பினது அவங்கதாண்ணா.”

“எந்தக் கேள்வி?”

“ஃபெர்கஸ் யார்கிட்ட சொல்லியிருப்பான்னு கேட்டாங்களே, அது.”

கஜபதி கையில் வைத்திருந்த ஃப்ரேமை மேசையில் வைத்தார். கவிப்பிரியா போன பிறகு கடையின் பின்பக்கம் லென்ஸ் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். அவள் அப்போதே திரும்பி வர யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வழி கேட்டிருக்கிறாள். தன்னிடம்தான் கேட்டிருக்கிறாள். அறுபத்து மூன்று பேர் முன்னால் அவர் சொன்ன பதில், திரும்பி வர மூளை வேண்டுமே என்பது.

அன்று மாலை அந்த ஒலித் துண்டைக் குழுவிலிருந்து அழித்தார். வெளியே போனதை அழிக்க முடியவில்லை. ஒருமுறை தெரியாத ஒருவர், ‘செம காமெடி’ என்று சொல்லி அதை அவருக்கே அனுப்பினார். ஞாயிறு கூட்டத்தை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார்.

தோப்புக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். போனார். வாசல்வரை வந்த வார்த்தை அவளைக் கண்டதும் வெளியே வரவில்லை. மழை பெய்ததா, பல்வலி எப்படி என்றே பேசித் திரும்பினார். இப்படி மூன்று முறை.

போன வருடம் தோப்பம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. உறவுக்காரர்கள் வந்து பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். தோப்பை வேறு யாரோ பார்த்துக்கொள்ளப் போவதாகவும், தங்கியிருப்பவர்கள் கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். போலீஸ் வரவில்லை, செய்தி வரவில்லை. பதினொரு பேர் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வழியில் போனார்கள்.

சௌமியா திருத்தணிக்கு வரவில்லை. தோப்பில் பழகிய தபிதாள் என்ற பெண்ணோடு மணவூரில் ஒரு வீடு எடுத்துத் தங்கினாள். திருவள்ளூரில் ஒரு தையல் யூனிட்டில் இரண்டு பேருக்கும் வேலை. யுவஸ்ரீக்கு மட்டும் போன் செய்து சொல்லியிருந்தாள். கஜபதி அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறினார். மணவூர் ஸ்டேஷனில் வேப்பமரத்தடி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இந்த முறை அவர் சுற்றி வளைக்கவில்லை.

“அந்தக் கேள்வி நீதான் கேட்டன்னு எனக்குத் தெரியும்மா. நான் பேசினது தப்பு.”

“ஆங்” என்றாள். “பழசுண்ணா அது.”

“அங்க இன்னா இருந்துது? ஏன் போன? இப்பவாச்சும் சொல்லு.”

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவரு ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாரு. மத்தியானம். மூணு வாட்டி. நான் மாத்திர போட்டுகினு தூங்கிட்டேன். போன் சைலண்ட்ல இருந்துது. எழுந்து பண்ணா எடுக்கல. அப்பறம் எடுக்கவே இல்ல. இன்னா சொல்ல வந்தாருன்னு தெரியல.”

கஜபதி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“தோப்பம்மா மொத நாளே கேட்டாங்க. உனக்கு யார் பேசறது கேக்கணும்னு. நான் சொன்னேன். பேசாம இருந்து பழகு, ஒருநாள் கேக்கும்னாங்க. பாதியில எனக்கே சந்தேகம் வந்துது. யார்கிட்டயாச்சும் சொல்லலாம்னு இருந்துது.”

“கேட்டுதா?”

“இல்ல” என்றாள். “ஆனா கேக்கும் கேக்கும்னு ரெண்டு வருஷம் போச்சு. வீட்டுல இருந்திருந்தா அந்த ரெண்டு வருஷம் எப்டிப் போயிருக்கும்னு தெரியல.”

“எனக்கு இது தெரியாதேம்மா.”

“நீ கேக்கலண்ணா” என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அவர் மணவூர் போகிறார். காய்கறி வாங்கித் தருகிறார். தபிதாள் காபி போடுகிறாள். வேலை, ஓவர்டைம், வீட்டு ஓனர் என்று பேச்சு போகும். ‘பிக்கிள் தெரு’ பேச்சு வராது. ஒருமுறை அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். “அதெல்லாம் இப்ப பாக்கறதில்லண்ணா” என்றாள். அவர் பையைத் திறக்கவே இல்லை. வீட்டுக்குக் கூப்பிட்டால், “பாக்கலாம்” என்பாள்.

இதற்கிடையில் வேணுவும் கவிப்பிரியாவும் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஞாயிறு கூட்டம் மறுபடியும் தொடங்கியிருந்தது. இப்போது நடத்துவது கவிப்பிரியா. கஜபதி கேட்பவர், எப்போதாவது பேசுவார். குரல் மாற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒருநாள், எல்லோரும் வற்புறுத்தியதால், ஃபெர்கஸ் முதன்முதலாக மெத்தை விற்கும் காட்சியை நடித்துக் காட்டினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்டதால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வாரம் கடைக்கு வந்த எதிர்வீட்டு அருள்முருகன் பேச்சுவாக்கில் சொன்னான். “ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சியப் பாத்தேன். மல மேல இருந்து எறங்கி வந்துகினு இருந்தாங்க. அப்பறம் நம்ம தெருவுலயும் பாத்தேன். வந்திருந்தாங்களா?”

வரவில்லை. கஜபதி சனிக்கிழமைவரை காத்திருந்தார். மணவூரில் இறங்கியதும், ஸ்டேஷன் எதிரே காய்கறிக் கடையில் நின்ற தங்கையிடம் அதையே முதல் கேள்வியாகக் கேட்டார். கேட்காமல் விடுவதில்லை என்று அவர் ஒரு முடிவோடு இருந்தார்.

“மலைக்கு வந்தியாமே.”

“ஆங். சாமி பாக்கணும்னு தோணுச்சு.”

“நம்ம தெரு வரைக்கும் வந்தன்னு சொன்னாங்க.”

சௌமியா கத்திரிக்காயைப் பையில் போட்டு முடித்தாள். “வாசல் வரைக்கும் வந்தேண்ணா. செருப்பக்கூட கழட்டிட்டேன். உள்ள நீ பேசிகினு இருந்த. அந்தக் கொரல்ல. எல்லாரும் சிரிச்சாங்க. போனு ஸ்பீக்கர்ல இருந்துது போல.” பையைக் கைமாற்றிக்கொண்டாள். “திரும்பிட்டேன்.”

அன்று பேசியது மெத்தைக் கடைக் காட்சி. அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்ல கஜபதி வாயைத் திறந்தார். பிறகு சொல்லாமல், அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போகும்வரை இரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள்.